ஆடி மாதத்தில் வந்த கார்

அன்று பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். மகளுக்குக் கணக்குப் பயிற்சி ஒன்றைக் கொடுத்து, மேசைக் கடிகாரத்தை அவள் முன்னால் வைத்து, "ரெண்டே முக்காலுக்குள்ள முடிச்சிரணும்" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் எழுந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

வாசலில், மழைக்குச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு, மூன்றாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன் நின்றிருந்தார். கீழ் லயத்துக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர் வாய் திறக்குமுன்னரே என்ன கேட்கப்போகிறார் என்று புரிந்துவிட்டது. பேச வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தகரக் கொட்டகையில் பழைய பெட்ஷீட் போர்த்தி நின்ற எங்கள் காரைப் பார்த்தார்.

அந்தக் கார் அங்கே வந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் கணவர் அலுவலகக் கிளாக்கர். நான் ஆசிரியை. தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸில் இருந்தோம். நானும் லயத்தில் பிறந்தவள்தான். வேறு தோட்டம், அதே வரிசை வீடுகள், அதே பத்தடிக் காம்பரா. படித்து வெளியே வந்தேன். வெளியே என்று சொல்வது, லயத்திலிருந்து அரைக் கட்டை தூரம் மேலே உள்ள குவாட்டர்ஸுக்கு.

மகளுக்கு மூன்று வயதிலிருந்தே வீசிங். பனி விழும் மாதங்களில் காலை பஸ்ஸில் நெரிசலில் நின்று வருவாள். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது உதடு நீலமாக இருக்கும். ஒரு தை மாதக் காலையில் இரண்டு பஸ்கள் நிற்காமல் போய், மூன்றாவதில் ஏறி, பஸ்ஸுக்குள்ளேயே அவளுக்கு மூச்சு முட்டியது. யாரோ ஒரு சிங்களப் பெண் எழுந்து இடம் கொடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டார். அன்று முடிவு செய்தேன், எங்களுக்கென்று ஒரு கார் வேண்டும் என்று. கணவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, லைசன்ஸ் கிடைக்காது. ஆகவே முப்பத்தெட்டு வயதில் நான் ஹட்டனுக்குப் போய் ஓட்டப் பழகினேன். பழக்கிக் கொடுத்தவர் முதல் நாளே, "டீச்சர், பிரேக்கை மிதிக்கச் சொன்னா பிரேக்கை மிதிங்க, என்கிட்ட காரணம் கேக்காதீங்க" என்றார்.

லைசன்ஸ் வந்த பிறகும் இரண்டு வருடங்கள் கார் வரவில்லை. எப்போது எடுப்பது என்பதுதான் பிரச்சினை. கையில் முழுத் தொகையும் சேரும்வரை காத்திருந்து வாங்குவதா, லீசிங்கில் இப்போதே எடுப்பதா? புதியதா, ஜப்பானிலிருந்து வரும் பழையதா? பட்ஜெட்டுக்கு முன்னா, பின்னா? ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கட்சி. கணக்குப் பாடம் எடுக்கும் சேர் ஒவ்வொரு வருடமும் ஒரே வசனம் சொல்வார்: "கார்த்திகை மாசம் பட்ஜெட் வரட்டும் டீச்சர், வரியைக் கொறைப்பாங்க." வரி கூடும். "அடுத்த வருஷம் கொறைப்பாங்க" என்பார். விஞ்ஞான சேர் எங்கோ படித்துவிட்டு வந்து, ஜப்பானில் பாதி பெற்றோலும் பாதி கரண்டுமாக ஓடும் கார் வந்துவிட்டது, இன்னும் பத்து வருடத்தில் முழுக்கக் கரண்டுதான், அதுவரை பொறுத்தால் புத்திசாலித்தனம் என்றார். சங்கீத டீச்சர் சிரித்தே விட்டார். "நம்ம தோட்டத்துல கரண்டு இருக்கிற நேரத்துல காரைச் சார்ஜ் போட்டா, அது கேட்டைத் தாண்டாதுங்க சேர்."

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து அதையும் யோசித்தேன். எனக்கு எதையும் யோசிக்காமல் விடத் தெரியாது. ஒரு விஷயத்தைப் பிழையான நேரத்தில் செய்துவிடுவேனோ என்ற பயம் சின்ன வயதிலிருந்தே உண்டு. தப்பான நேரத்தில் செய்வதைவிட, செய்யாமலே இருப்பது பாதுகாப்பு என்று நினைத்தே பாதி வாழ்க்கை போயிருக்கிறது.

கடைசியில் முடிவு செய்ய வைத்தது லீசிங் கம்பனி இளைஞர். கழுத்துப்பட்டி கட்டிய சிங்களப் பிள்ளை, நன்றாகத் தமிழ் பேசுவார். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்து, "மிஸ், அடுத்த மாசம் விலை கூடுது. இந்த மாசம் சைன் பண்ணுங்க" என்றார்.

"இது ஆடி மாசங்க. நாங்க ஆடியில புதுசா ஒண்ணும் எடுக்கமாட்டோம்" என்றார் என் கணவர்.

"ஆடி உங்களுக்குத்தான் சேர். டொலருக்கு ஆடி இல்ல."

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் தோட்டக் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டேன். இப்படி எத்தனையோ பேருக்கு வழி சொன்ன மனிதர். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எடுத்து வைங்கம்மா. ஓட்டாதீங்க. ஆவணி ஒண்ணாந் தேதி பூசை போட்டு, எலுமிச்சம் பழத்துல ஏத்தி எறக்கிட்டு அப்புறம் ஓட்டுங்க. அதுவரைக்கும் அது வண்டி இல்ல, வீட்டுச் சாமான்" என்றார். ஹட்டனிலிருந்து கொண்டு வரும்போது சக்கரம் சுற்றுமே என்றேன். "கம்பனிக்காரன் ஓட்டிட்டு வந்தா அது கம்பனிக்காரன் கணக்கு. நீங்க சாவியைத் தொடாதீங்க."

பூசை போடாத வண்டியில் எதை ஏற்றக்கூடாது என்பதையும் அவரே சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். முதன்முதலாக நோயாளி ஏறக்கூடாது, சாவு வீட்டுக்குப் போகக்கூடாது, பிள்ளைப்பேற்றுத் தீட்டுப் படவே கூடாது. பட்டால் அந்த வண்டி ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிக்கே ஓடும். எனக்கு என் மகளின் நீல உதடுகள் நினைவுக்கு வந்தன. அவளுக்காக எடுக்கும் வண்டி ஆஸ்பத்திரிக்கே ஓடுவதா? அந்த ஒரு வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே கார் ஆடியில் வந்தது. வெள்ளைக் கார், சின்னது. இருக்கைகளில் பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. கொட்டகையில் நிறுத்தி, பெட்ஷீட் போர்த்தினோம். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த, கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சர், காருக்குக் குளிருதா?" என்றாள். இன்னொருத்தி, "எங்களுக்குக் குடுக்கவேண்டிய கம்பிளியை இந்த வருஷம் காருக்குக் குடுத்துட்டாங்க போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

காரின் இன்சுரன்ஸ் பத்திரம் அடுத்த வாரமே தபாலில் வந்தது. கணவர் அதை அலுமாரியில் வைக்கும்போது மகளைக் கூப்பிட்டு, "இதுதான் நம்ம காருக்குப் பேப்பர். இது இல்லாம ரோட்டுல ஓடக்கூடாது" என்று காட்டினார்.

அந்த இரண்டு மணி இருபதுக்கு இப்போது வருகிறேன்.

"டீச்சர், பொஞ்சாதிக்கு வலி வந்துருச்சுங்க. மாசம் இன்னும் இருக்கு. ஆனா தண்ணி ஒடைஞ்சிருச்சு, ரத்தமும் போவுது" என்றார் அவர். "டிஸ்பென்சரிக்கு ஓடுனேன், டொக்டர் ஐயா லீவு. தோட்டத்து லொறி தேயிலைத் தூள் ஏத்திக்கிட்டு கொழும்புக்குப் போயிருச்சாம். நீங்க கொஞ்சம் காரை எடுத்தீங்கன்னா, ஆஸ்பத்திரி வரைக்கும்..."

என் வாயிலிருந்து வந்த பதில் இது: "ஐயோ, காருக்கு இன்சுரன்ஸ் பேப்பர் இன்னும் வரலைங்களே. பேப்பர் இல்லாம ரோட்டுல எறங்கினா பொலிஸ்ல புடிச்சிருவாங்க. நடுவழியில நிறுத்திட்டா இன்னும் மோசமாகிருமே."

நான் தடுமாறவில்லை. அதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது. வகுப்பில் பாடம் சொல்வதுபோல, காரணகாரியத்தோடு, அவருடைய நன்மைக்காகவே சொல்வதுபோலச் சொன்னேன்.

அவர் உடனே நம்பினார். "அப்படிங்களா. சரிங்க டீச்சர். நீங்க என்ன செய்வீங்க" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார்.

பஜாரில் ஆட்டோ வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். ஏதாவது செய்ததாக இருக்கட்டும் என்று. "மழையில அந்தக் கல்லு ரோட்டுக்கு வரமுடியாது டீச்சர். மெயின் ரோட்டுக்குக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார் அவர். அதைத் தகப்பனிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு லயத்தை நோக்கி ஓடினார்.

திரும்பினால், மகள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பேப்பர் வந்துருச்சே. அப்பா அலுமாரியில வச்சாரே."

"கணக்கைப் பாரு" என்றேன்.

"இல்லம்மா, நான் பாத்தேன்."

"பெரியவங்க விஷயத்துல தலையிடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

அவள் குனிந்துகொண்டாள். நான் சமையலறைக்குப் போய், கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன்.

கால் மணி நேரத்தில் அவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். கம்பிளியைத் தடியில் தூளிபோலக் கட்டி, முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு பேர் தூக்கியிருந்தார்கள். அந்தத் தகப்பன் பக்கத்தில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் முழுக்க நனைந்திருந்தார். குடை கம்பிளியின் மேல் இருந்தது. கம்பிளிக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிந்தது. பித்தவெடிப்பில் தேயிலைக் கறை ஏறிய பாதம். என் அம்மாவின் பாதமும் அப்படித்தான் இருக்கும். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் அப்போதே ஓடியிருப்பேனோ என்னவோ. அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். நான் ஜன்னலருகே நின்று, இப்போது வளைவைத் தாண்டியிருப்பார்கள், இப்போது பாலத்தடியில் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று மணி அடித்ததும் என்னால் முடியவில்லை. துணிச்சல் வந்தது என்று சொல்லமாட்டேன். அவள் வழியில் செத்துப்போனால், கார் கொட்டகையில் நின்றதை ஊரே சொல்லும் என்ற பயம் வந்தது. இரக்கமும் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"கதவைப் பூட்டிக்க" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பெட்ஷீட்டை இழுத்துப் போட்டு, சாவியைத் திருகினேன். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் வேலை. கல்லு ரோட்டில் சின்னக் கார் தாவித் தாவி இறங்கியது. அடி தட்டும் ஒவ்வொரு முறையும், அந்த நேரத்திலும், கம்பனிப் பெயரில் இருக்கும் வண்டி, கீறல் விழுந்தால் என்ன சொல்வார்களோ என்று நினைத்தேன்.

மெயின் ரோட்டுக்கு மேலே உள்ள கடைசி வளைவில் வந்தபோது, கீழே ஒரு மரக்கறி லொறி நகர்வது தெரிந்தது. நானுஓயாப் பக்கமிருந்து முட்டைக்கோவா ஏற்றி வந்த லொறி. பின்னால் தார்ப்பாய்ப் படங்கை விலக்கி, மூட்டைகளுக்கு நடுவே ஆட்கள் ஏறியிருந்தார்கள். லொறி ஹட்டன் பக்கம் திரும்பி மறைந்தது. தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் வெறும் தடியுடன், தேயிலை மலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகு என் பக்கம் இருந்தது.

நான் லொறியைத் துரத்தியிருக்கலாம். கோவா மூட்டை மேல் கிடப்பவளைக் காருக்கு மாற்றியிருக்கலாம். குறைந்தது பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். நான் செய்தது, மதகடியில் காரைத் திருப்பியது. ஒருவரும் பார்க்கவில்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்து, பழைய துணியால் நான்கு டயர்களையும் கழுவினேன். மட்கார்டில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் சுரண்டி எடுத்தேன். ஓடியது தெரியக்கூடாது. ஆடியில் ஓட்டினேன் என்பது கணவருக்கும் பூசாரிக்கும் தெரியக்கூடாது. ஓடக்கூடிய காராக இருந்தது என்பது லயத்துக்குத் தெரியக்கூடாது. மகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏம்மா கழுவுற?"

"சேறு."

"அந்த அக்காவைக் கொண்டுபோய் விட்டுட்டியா?"

"அவங்களுக்கு லொறி கெடைச்சிருச்சு."

டயரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு துணியைக் கொண்டு வந்து, பின் டயரைத் துடைக்கத் தொடங்கினாள். அன்று மாலை அப்பா வந்து தேநீர் குடித்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. நான் சொல்லாமலே புரிந்துகொண்டாள். அவளுக்குப் பத்து வயது. என் பொய்க்கு அவளைத் துணையாக்கிவிட்டேன். கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்ததுபோல இதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

லயத்துக்குச் செய்தி மறுநாள் வந்தது. பிள்ளை லொறியிலேயே பிறந்துவிட்டது, பெண் பிள்ளை, உயிரோடு இருக்கிறது; தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை, கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள், நினைவில்லாமல் கிடக்கிறாள். அதன்பிறகு தினமும் டிஸ்பென்சரிப் பக்கம் போய் டொக்டர் ஐயாவிடம் விசாரித்தேன். லீவு முடிந்து வந்திருந்தார். "ரத்தம் ஏத்தியிருக்காங்க. ரெண்டு மூணு நாள் போகட்டும் டீச்சர், ஒண்ணும் சொல்ல ஏலாது" என்பார். ஒரு நாள், "உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். இல்லை, என்னிடம் படிக்கும் பிள்ளையின் அம்மா என்றேன்.

மூன்றாம் நாள் ஒரு பால்மாப் பெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். என் மாணவி அடுப்பூதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, கையைப் பாவாடையில் துடைத்து, "குட் மோர்னிங் டீச்சர்" என்றாள். அப்போது மாலை ஐந்து மணி. பக்கத்துக் காம்பராப் பெண் ஓடி வந்து ஒரு நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டாள். "டீச்சரே வந்திருக்காங்க பாரு" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாள். "அன்னைக்கு போன் எல்லாம் போட்டு எவ்வளவு கஷ்டப்பட்டாங்க. கார் வந்து என்ன, அந்தப் பேப்பர் வந்து தொலைய மாட்டேங்குதே." நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பால்மா எப்படிக் கரைப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆவணி முதல் நாளைத் தள்ளிப்போடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டது போதாதா?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனிதர், புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

அன்று மழை இல்லை. கோயில் முன்னால் காரை நிறுத்தி, முகப்பில் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். அலுவலக ஆட்கள் வந்திருந்தார்கள். ஆசிரியர் அறையிலிருந்து கணக்கு சேரும் சங்கீத டீச்சரும் வந்திருந்தார்கள். காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடித்த பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பூசாரி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம் பழம் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்க, "டீச்சரம்மா மாதிரி இருக்கணும். எடுத்த வண்டியை இத்தனை நாள் தொடாம வச்சிருந்தாங்க பாருங்க. அந்தக் கட்டுப்பாடு எத்தனை பேருக்கு வரும்?" என்றார். மகள் தேங்காய்த் தட்டோடு என் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. பெண்கள் வழிவிட்டார்கள். அந்தத் தகப்பன்தான். கண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே நடந்து வந்திருக்கிறார். ஒன்பது நாள் தாடி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவள் போய்விட்டாள், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் காரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பொழைச்சுக்கிட்டா டீச்சர். நேத்து கண்ணு முழிச்சு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா. வெள்ளிக்கிழமை டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்களாம்." மூச்சு வாங்கிவிட்டு, சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "உங்க யாருக்கும் தெரியாதுங்க. அன்னைக்கு லொறியில பின்னாடி நின்னுக்கிட்டு நான் மேல பாத்தேன். மழையில வெள்ளைக் காரு வளைவுல எறங்கி வருது. பேப்பர் இல்ல, பொலிஸ் புடிக்கும்னு தெரியும். பூசையும் போடல. அப்பவும் டீச்சர் எங்களுக்காக வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க."